கடனுக்குத் துணை போனவள்

அம்மாக்கண்ணு அக்காவுக்குச் சிரிப்பு அதிகம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்மலையில் அவள் சிரித்தால் கீழ்மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "அங்க என்ன கூத்தா நடக்குது?" என்று கணக்குப்பிள்ளை கத்துவார். அதற்கும் சிரிப்பாள். மலையில் அவளுக்கு அடுத்த நிரை எனக்கு. வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கு அடுத்த ஒற்றை அறைக் காம்பரா எனக்கு. அதனால் அந்தச் சிரிப்பில் பாதி என் காதில்தான் விழுந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்கச் சிரிக்காமல் இருந்தாள். காரணம் ஒரு சீர்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அவள் மகள் ராசம்மா பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் இராமையா கந்தப்பளையில் ஒரு தோட்டத்தில் இருந்தான். அங்கே அப்போது வேலை குறைவு, வீட்டிலும் சீக்கு. "இப்பக் கையில ஒண்ணுமில்ல, தங்கச்சி கோவிச்சுக்காம சடங்க நடத்திக்கிடட்டும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான்.

அக்காவின் மாமியாருக்கு மருமகளின் பிறந்த வீடென்றால் எப்போதும் ஒரு இளக்காரம். "ஒங்க வீட்டுல என்னத்தக் கண்டோம்" என்பதை உப்புப் போடுவது மாதிரி எல்லாப் பேச்சிலும் போடுவாள். சீரும் வரவில்லை என்றால் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவாள். அக்கா யாரிடமும் சொல்லாமல் பஜாருக்குப் போனாள். நஸார் நானாவின் துணிக்கடையில் மகளுக்குப் பட்டுப் பாவாடை, தாவணி, மாமியாருக்குக் கண்டாங்கிச் சேலை, புருஷன் அழகனுக்குச் சரிகைக்கரை வேட்டி, நாத்தனார்மாருக்கு ஆளுக்கொன்று என்று கடனுக்கு எடுத்தாள். கந்தப்பளையிலிருந்து அண்ணன் அனுப்பியதாகச் சொல்லி, தட்டுகளில் அடுக்கி, லயத்து முனையிலிருந்து தப்படித்துக் கொண்டுவரச் செய்தாள்.

ஊரே வாயைப் பிளந்தது. மாமியார் சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கூட என் அண்ணனை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

கடன் அவளுடைய அரை வருஷச் சம்பளத்துக்குக் குறையாது. தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. ஒரு மாதம் தவறினாள். தவறிய மாதத்தில் கடைக்குப் போக வெட்கம். அடுத்த மாதம் போக, போன மாத வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பஜார்ப் பக்கமே போகவில்லை.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவள் மாறிப்போனது மட்டும் தெரிந்தது. கொழுந்து பறிக்கும்போது கண் பாதையிலேயே இருக்கும். இலையும் காம்புமாகப் பறித்துப் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் ஏச்சு வாங்குவாள். குழம்பில் இரண்டு தடவை புளி கரைப்பாள். பாதையில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தால் போதும், முகம் வெளுத்துவிடும். நஸார் நானா கறுப்புக் குடை இல்லாமல் நடக்கமாட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் குடை இல்லாமல் நடக்கிறவர் யார்? ஒரு நாள் தபால்காரரைக் கண்டு கொழுந்துக் கூடையோடு பாதையோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள தப்படிக்குது அழகம்மா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா எல்லாருக்கும் கொடுக்கும் கசப்புத் தண்ணியைக் கொடுத்தார். கேட்கவில்லை. பூசாரி பார்த்துவிட்டு, மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி பாக்கி என்றார். அழகன் மனம் கேட்காமல் ஒரு சேவல் வாங்கி அறுத்தான். அந்தச் சேவலும் கடன்தான். அதைத் தின்னும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூறலாக இருந்தது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாதையில் கறுப்புக் குடை வந்தது. இந்தத் தடவை நஸார் நானாவேதான். அக்காவின் கதவு பூட்டியிருந்தது. அவள் பின்பக்கமாகப் போய்த் தேயிலைக்குள் குந்திவிட்டது எனக்கு எப்படித் தெரியும்?

"அம்மாக்கண்ணு இல்லியா புள்ள?"

"இப்ப வந்துருவாங்க நானா. உள்ளுக்கு வந்து உக்காருங்க, நனையாதீங்க."

பலகையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. மனுஷனுக்கு மலை ஏறி வந்த களைப்பு. ஆற அமரக் குடித்தார். கடைக் கதை, பஸ் கதை, டிக்கோயாவில் கட்டிக்கொடுத்த மகளின் கதை எல்லாம் சொன்னார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் கிடைத்தது. இரண்டாம் கோப்பையும் ஊற்றினேன்.

நடுவில் பின்பக்கத் தேயிலைக்குள்ளிருந்து ஒரு கூச்சல். "ஐயோ ஆத்தா!" என்று அலறிக்கொண்டு அக்கா வெளியே பாய்ந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியபடி நேரே எங்களை நோக்கியே ஓடி வந்தாள். முழங்கால் வரைக்கும் அட்டை. மழைக்காலத்துத் தேயிலைக்குள் அசையாமல் குந்தியிருந்தால் அட்டை விடுமா? இரத்தம் வழிய வந்து நஸார் நானா முன்னால்தான் நின்றாள்.

"யா அல்லா! சுண்ணாம்பு கொண்டாங்க புள்ள, சுண்ணாம்பு!" என்று நானா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தன் மடியிலிருந்த புகையிலையையும் எடுத்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு தடவி எடுத்தேன். சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. பீலியில் குளித்துக்கொண்டிருந்த அழகன் ஈரத்துண்டோடு ஓடி வந்தான்.

"எதுக்குப் புள்ள தேயிலைக்குள்ள போய்க் குந்தின?" என்றார் நானா.

அக்கா குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குப் பயந்தா? நான் என்ன புலியா, கரடியா?"

"குடுக்க வழியில்ல நானா. மொகத்துல முழிக்க வெக்கமா இருந்திச்சு."

"ஒனக்கு வெக்கம். எனக்குப் பயம், தெரியுமா? போன மாசம் கீழ் டிவிசன்ல ஒரு குடும்பம் சொல்லாமக் கொள்ளாம தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறிட்டாங்க. எனக்குத் தர வேண்டியது அம்புட்டும் கடல்ல போச்சு. இப்பக் கடைக்கு வராத ஆளு எல்லாருமே கப்பலுக்குப் போற ஆளாத்தான் எனக்குத் தெரியிறாங்க. நீ வராத ஒவ்வொரு மாசமும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதான் ஆள் இருக்கா இல்லியான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்குமா நானா அடிக்குது?"

"எனக்கு என்ன கல்லாலயா நெஞ்சு?"

அப்போதுதான் சிரித்தாள். காலெல்லாம் இரத்தமும் சுண்ணாம்புமாக, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்காமல் நின்றது அழகன் மட்டும்தான். "என்ன கடன்?" என்று கேட்டான். மறைக்க இனி இடமில்லை. அக்கா எல்லாவற்றையும் கூட்டத்தின் நடுவிலேயே சொன்னாள். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சரிகை வேட்டிய, மச்சான் குடுத்தது மச்சான் குடுத்ததுன்னு ஊரு முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றான் அழகன். "சொல்லியிருந்தா மல்லு வேட்டி போதும்னிருப்பேனே கழுதை."

அன்றைக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் தானே பஜாருக்குப் போய் நஸார் நானாவிடம் தன் பேரையும் கடனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். சேதி கந்தப்பளைக்கும் எட்டியது. இராமையா கோபமாக வந்து இறங்கினான். "தங்கச்சி வீட்டுல ஒரு வருசமா ஏன் எனக்கு இம்புட்டு மரியாதைன்னு யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். போகும்போது அவனும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மாமியார் பேச்சில் அந்தப் பழைய உப்பு குறைந்துபோனது.

அதிலிருந்து அக்கா ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டாள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஸார் நானாவின் கடை வாசலில் போய் நிற்பாள். இருந்தால் கொடுப்பாள். இல்லாவிட்டால், "இந்த மாசம் இல்ல நானா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்பாள். "வெறுங்கையா வந்து நிக்க இது என்ன கோயிலா?" என்று நானா முணுமுணுப்பார். பிறகு முக்காலியை இழுத்துப் போடுவார். சில நாள் அவள் காய்கறிப் பாத்தியில் விளைந்த லீக்ஸ் ஒரு கட்டு, பீட்ரூட் நாலு, நானாவின் வீட்டுக்குப் போகும். கடன் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் அவள் இலையும் காம்புமாகப் பறிப்பது அந்த முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது. கறுப்புக் குடையைக் கண்டால் "நானாவா?" என்று எட்டிப் பார்ப்பாள்.

அக்காவின் பேர் வெளியே பரவியது செல்லசாமியால்தான். அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்ல உடம்புக்காரன். பெஞ்சாதியின் அட்டியலை ஹட்டனில் வட்டிக்குக் கொடுக்கிற கணேசமூர்த்தி ஐயாவிடம் அடகு வைத்துவிட்டு, வட்டி கட்ட முடியாமல் கிடந்தான். ஆள் பாதியாகிவிட்டான். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு நாய்க்குப் போடுவான். அவன் பெஞ்சாதி அக்காவிடம் வந்து அழுதாள்.

"போயி நேரா பேசச் சொல்லு" என்றாள் அக்கா.

"வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு அக்கா. ரெண்டு தரம்."

"அப்ப நானும் கூட வாறேன்."

ஹட்டன் பஸ்ஸில் அவனை உள்பக்கம் தள்ளி, தான் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலவாக்கலையில் பஸ் நின்றதும் செல்லசாமி எழுந்தான். "இறங்கி ஒரு நிமிசத்துல வந்துர்றேன் அக்கா" என்றான். அவள் அவன் கம்பளியின் முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "கம்பளிய வச்சிட்டுப் போ" என்றாள். அந்தக் குளிரில் கம்பளி இல்லாமல் எவன் ஓடுவான்?

போகிற வழியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். போணி ஆகிறதுக்கு முன்னால் வாசலில் நிற்கக் கூடாது. அவர் சாப்பாட்டு நேரத்திலும் கூடாது. அவர் ஏசினால் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசக் கூடாது. "நான் துணைக்குத்தான் வாறேன். வாயி ஒன்னோடது. ஒனக்காக நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்."

கணேசமூர்த்தி ஐயா நஸார் நானா மாதிரி இல்லை. கண்டதும் ஏசத் தொடங்கினார். செல்லசாமியின் அப்பன் பாட்டன் வரைக்கும் போனார். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியபோது அவள் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு? எதுக்கு வந்த?"

"பக்கத்துக் காம்பராங்க ஐயா. இவரு நடுவுல ஓடிப்போயிறாம இருக்க வந்தேன்."

அவர் கொஞ்சம் திகைத்துவிட்டார். அந்த இடைவெளியில் செல்லசாமிக்கு வாய் வந்தது. "தை மாசம் வரைக்கும் அட்டியல வித்துராதீங்க ஐயா. மாசாமாசம் நானே வந்து குடுக்கிறேன். முடியாத மாசமும் வந்து சொல்றேன்." சொல்லும்போதே அழுதுவிட்டான். கணேசமூர்த்தி ஐயா வட்டியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆனால் தை வரைக்கும் விற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் செல்லசாமி ரொட்டியும் சம்பலுமாக விழுங்கினான். "ரொட்டி வாங்கினதுக்கும் கடன் வச்சிராதடா" என்று அக்கா சொன்னாளாம். கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்களாம். தை மாதம் அட்டியல் வீடு வந்தது.

பிறகு என்ன? ஞாயிற்றுக்கிழமையானால் அவள் இஸ்தோப்பில் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். சாராயக் கடனுக்குத் துணை போகமாட்டாள். மற்றபடி நகை, துணி, கல்யாணம், கருமாதி, எந்தக் கடனானாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அழகன், "எங்க வீட்டுக் கடனே தீரல, இவ ஊருக்கு வக்கீலு" என்று கேலி செய்வான். ஆனாலும் அவள் வரும் வரைக்கும் அவனே சோறாக்கி வைத்திருப்பான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. சின்னராசா என்று ஒருவன். வீரம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசைக் கைமாற்றாக வாங்கியிருந்தான். அக்காவைத் துணைக்குக் கூட்டிப் போய், தவணை கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த வாரமே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். அவன் காம்பராவில் ஒரு உடைந்த குடம்தான் மிச்சம்.

சேதி தெரிந்த அன்று அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வீரம்மா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வீரம்மா அவளைப் பார்த்ததும் வாசலில் இருந்த தண்ணீரை அள்ளி அவள் மேல் ஊற்றினாள். "ஒன்னய நம்பித்தானேடி தவணை குடுத்தேன்! ஒம் மொகத்தப் பார்த்துத்தானேடி!"

அக்கா நனைந்தபடியே நின்றாள். "நீ சொல்றது சரிதான் வீரம்மா" என்றாள். அந்த நாள் அவள் சிரிப்பு இல்லாமல் வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு சில மாதம் யார் கேட்டாலும், "என்னால முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள். சின்னராசாவிடமிருந்து ஒரு தகவலும் கடைசி வரைக்கும் வரவில்லை. வீரம்மாவின் கோபம் ஆற வருஷம் பிடித்தது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் நஸார் நானாவின் பெஞ்சாதி செரீபா எங்கள் லயத்துக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்தபடி. அக்கா பதறி எழுந்தாள். அவளுடைய பழைய கடன் அப்போது ஏறக்குறைய தீர்ந்துவிட்டிருந்தது.

"என்னா ராத்தா, நானாவுக்கு ஏதும் ஒடம்புக்கு முடியலியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல புள்ள. மனுசன் சோறு திங்கிறாரில்ல. கண்டி லெட்டர் வந்தா ஒடைக்காம பெட்டிக்கு அடியில வைக்கிறாரு. தீபாவளிக்குன்னு நைலான் சீலை மூட்டை மூட்டையா எடுத்தாரு. இந்தக் குளிருக்கு யாரு நைலான் கட்டுறா? அம்புட்டும் அப்படியே கெடக்கு. சரக்குக் குடுத்த கண்டி முதலாளிக்குக் குடுக்கக் காசில்ல. கண்டிக்குப் போய்ப் பேசுங்கன்னா, நாளைக்கி நாளைக்கிங்கிறாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான்.

"ராத்தா, இப்ப நான் துணை போறதில்ல."

"அவரே சொன்னாரு புள்ள. அம்மாக்கண்ணு வந்தா போறேன்னு."

அந்த வாரம் லீவு சொல்லிவிட்டு அக்கா கண்டிக்குப் போனாள். அவள் அதுவரைக்கும் ரயிலில் ஏறியதில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் நானா, செரீபா, அக்கா மூன்று பேரும். வழி முழுக்க அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே போனாளாம். நானா மட்டும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், "இங்க எறங்கித் திரும்பிருவோமா?" என்று கேட்டாராம். நானாவிடம் கம்பளி இல்லாததால் அக்கா அவருடைய குடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாளாம்.

கண்டி முதலாளி வயசானவர். மரியாதையாக உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்தார். நானா மழையைப் பற்றிச் சொன்னார். பஸ் கட்டணத்தைப் பற்றிச் சொன்னார். நோன்பைப் பற்றிச் சொன்னார். கடனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. செரீபா அக்காவின் தொடையைக் கிள்ளினாள், நீ சொல்லு என்று. அக்கா வாயைத் திறக்கவில்லை. நானாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நானா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, "முதலாளி, என் கிட்டக் காசில்ல" என்றார். சொல்லிவிட்டு மூட்டையெல்லாம் அவிழ்க்காமல் கிடப்பதையும் கடிதங்களை உடைக்காமல் வைத்ததையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

முதலாளிக்குக் கோபம் வந்தது. "மூணு மாசத்துக்கு முன்னால இத வந்து சொல்லியிருந்தா அந்தச் சீலைய மாத்தளைக்கு அனுப்பியிருப்பேனே! அங்க வெயிலு, நைலான் போயிருக்குமே!" என்று மேசையில் தட்டினார். மூன்று மாத நட்டத்துக்கு நன்றாக ஏசினார். ஏசி முடித்துவிட்டு, அவிழ்க்காத மூட்டைகளை விலை குறைத்துத் திருப்பி எடுப்பதாகவும், மிச்சத்தை வருஷம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். நானாவுக்கு நட்டம்தான். ஆனால் கடையைப் பூட்டுகிற நட்டம் இல்லை.

வெளியே வந்ததும் செரீபா நடுத்தெருவில் அக்காவைக் கட்டிக்கொண்டாள். நானா பசிக்கிறது என்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்டதைப் பார்த்து ஓட்டல்காரர் இன்னொரு தட்டுச் சோறு போடவா என்று கேட்டாராம்.

திரும்பும் ரயிலில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். தலவாக்கலை வந்து போனது தெரியாது. கண் விழித்தபோது நானுஓயா. குளிரில் பல் கிட்டியது. திரும்பிப் போக அடுத்த ரயில் வர நேரமாகும். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்கள ஆள். இவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, யாராவது செத்துப்போய்ப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்து விசாரிக்க வந்தாராம். நானா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ணய, மஹத்தயா, ணய!" என்றாராம், கடன் ஐயா, கடன் என்று. அந்த மனுஷர், "மடத் தியெனவா" என்றாராம், எனக்கும் இருக்கிறது என்று. பிறகு உள்ளே கூட்டிப்போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தாராம்.

மறுநாள் காலையில் அக்கா, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். கணக்குப்பிள்ளை அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர்தான் போடுவேன் என்றார். "போடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு என் நிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பறிக்கத் தொடங்கவே இல்லை. "அழகம்மா, நேத்து என்ன நடந்திச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.